முதல்முறை முழு சூரிய கிரகணம் பார்க்கப் போகிறவர்களுக்கு

2019 டிசம்பர் 26 காலையில் கோவை, கரூர், திண்டுக்கல் பக்கம் இருந்தவர்களில் நிறையப் பேர் வளைய கிரகணத்தைப் பார்த்திருப்பீர்கள். சந்திரன் நடுவில், சுற்றிலும் நெருப்பு வளையம், ஏறக்குறைய மூன்று நிமிடம். அருமையான காட்சிதான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு "சரி, சூரிய கிரகணம் பார்த்தாச்சு" என்று இருந்துவிடாதீர்கள், முழு கிரகணம் முற்றிலும் வேறு சங்கதி. பட்டப்பகலில் வானம் இருண்டு, சூரியன் இருந்த இடத்தில் கரிய வட்டமும் அதைச் சுற்றி வெள்ளியாய் விரியும் கரோனாவும், அதாவது சூரியனின் வெளி வளிமண்டலமும், தெரிவது முழு கிரகணத்தில் மட்டும்தான். பிறந்ததிலிருந்து தினமும் பார்க்கிற சூரியனுக்கு இப்படி ஒரு முகம் இருக்கிறது என்பது அந்தச் சில நிமிடங்களில்தான் நமக்குத் தெரியும்.

அதற்கு ஒரு பெரிய வாய்ப்பு 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை வருகிறது. எகிப்தின் லக்சர் நகரத்தை ஒட்டி 6 நிமிடம் 23 விநாடி வரை முழு இருட்டு. பொதுவாக முழு கிரகணம் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், ஆறைத் தாண்டுவது அபூர்வம். இதைவிட நீண்ட முழு கிரகணம் அடுத்து 2114-இல்தான். இந்தக் கட்டுரையை அந்த நாளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், ஆனால் பெரும்பாலான குறிப்புகள் எந்த முழு கிரகணத்துக்கும் பொருந்தும்.

முதலில், 99 சதவீதம் போதாது

புதிதாகக் கேட்பவர்கள் எல்லோரும் சொல்வது இதுதான்: "எங்க ஊர்லயே 90 சதவீதம் மறையுமாமே, அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்?" கரோனாவின் வெளிச்சம் சூரிய வட்டத்தின் வெளிச்சத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான், கிட்டத்தட்ட பௌர்ணமி நிலவின் அளவு. சூரியனில் ஒரே ஒரு சதவீதம் வெளியே எட்டிப் பார்த்தாலும் அது கரோனாவைப் போல ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு பிரகாசம். அதனால் 99 சதவீத இடத்தில் நிற்பவருக்குக் கொஞ்சம் மங்கிய பகல் கிடைக்கும், அவ்வளவுதான். கரோனா தெரியாது, நட்சத்திரம் தெரியாது, கண்ணாடியைக் கழற்றவும் முடியாது. எத்தனை செலவு செய்தாலும், எவ்வளவு தூரம் பயணப்பட்டாலும், கடைசிச் சில கிலோமீட்டரையும் கடந்து சந்திரனின் கருநிழல் விழும் பாதைக்குள் போய் நின்றுவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் சில கிரகணம் வளையமாகவும் சில முழுமையாகவும் ஆகின்றன என்று கேட்டால், சூரியன் சந்திரனைவிட விட்டத்தில் சுமார் 400 மடங்கு பெரிது, தூரத்திலும் சுமார் 400 மடங்கு, அதனால் வானத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் தெரிகின்றன. சந்திரன் தூரத்தில் இருக்கும்போது சிறுத்துப்போய் சூரியனை முழுக்க மூட முடியாமல் வளையம் மிஞ்சுகிறது. 2027 ஆகஸ்டில் நேர்மாறு: சந்திரன் பூமிக்கு மிக அருகில், சூரியனோ நம்மிடமிருந்து அதிக தூரத்தில் இருந்த ஜூலை மாதம் அப்போதுதான் முடிந்திருக்கும். அதனால்தான் இவ்வளவு நேரம் மூடி நிற்கிறது.

எங்கே நிற்பது

நிழல் ஸ்பெயினின் தென்முனையைத் தொட்டு மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, லிபியா, எகிப்து, சவுதி, ஏமன், சோமாலியா என்று போய் இந்தியப் பெருங்கடலில் முடிகிறது. பாதையின் அகலம் அதிகபட்சம் 258 கிலோமீட்டர். ஜெட்டாவும் மக்காவும் பாதைக்குள்ளேயே இருக்கின்றன, இரண்டிலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் முழு இருட்டு. அங்கே வேலை பார்க்கிற நம்மவர்கள் பல ஆயிரம் பேர் டிக்கெட் வாங்காமலேயே இதைப் பார்க்கலாம். சவுதியில் தெரிந்தவர், உறவினர் யாராவது இருந்தால் இப்போதே சொல்லிவைத்து, கையில் நல்ல கண்ணாடி இருக்கும்படி செய்துவிடுங்கள்.

எகிப்து போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. கெய்ரோ பாதையில் இல்லை, பிரமிடுக்கு முன்னால் நின்று பார்க்கலாம் என்று திட்டம் போட்டால் பகுதி கிரகணம்தான் கிடைக்கும். அஸ்வானும் பாதைக்கு வெளியே. லக்சருக்கும் அஸ்வானுக்கும் நடுவில் நைல் நதியில் கப்பல் சுற்றுலாக்கள் ஓடுகின்றன, அப்படி ஒன்றில் இடம் பிடிப்பவர்கள் "ஆகஸ்ட் 2 மதியம் கப்பல் எங்கே நிற்கும்?" என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பயண ஏஜெண்டுகள் "கிரகண டூர்" என்று பெயர் போட்டிருப்பதை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம், ஊர் பெயரை வரைபடத்தில் வைத்துப் பாதைக்குள் வருகிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும்.

லக்சரைச் சொல்வதற்கு நீளம் மட்டும் காரணம் இல்லை. மேகம்தான் பெரிய காரணம். 2009 ஜூலை 22 கிரகணம் சூரத், வாரணாசி, பாட்னா வழியாகப் போனது, நடு பருவமழைக் காலம். பீகாரில் தரேக்னா என்ற ஊரில்தான் நன்றாகத் தெரியும் என்று ஆயிரக்கணக்கில் கூடினார்கள், மேகம் மூடிவிட்டது, இருட்டியது மட்டும்தான் மிச்சம். வேடிக்கை என்னவென்றால் 2027 கிரகணம் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. 18 ஆண்டு 11 நாள் கழித்து ஏறக்குறைய அதே அமைப்பு திரும்ப வருகிறது, கூடுதலாக ஒரு எட்டு மணி நேரம் சேர்வதால் பூமி மூன்றில் ஒரு பங்கு சுற்றிவிட, நிழல் வேறு நாடுகளில் விழுகிறது. இந்தத் தடவை அது ஆகஸ்ட் மாத எகிப்துப் பாலைவனத்தில் விழுகிறது, அங்கே அந்த மாதத்தில் மேகம் என்பதே கிட்டத்தட்ட கிடையாது.

பயண ஏற்பாடு பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், தூதரக இணையதளத்தில் பாருங்கள். தங்கும் இடத்தை முந்தியே பிடியுங்கள், கிரகணத்துக்கு இரண்டு நாள் முன்னதாக லக்சர் போய்ச் சேருங்கள், அன்றைக்குக் காலையில் கெய்ரோவிலிருந்து கிளம்பிப் போவதாகத் திட்டம் வேண்டவே வேண்டாம். திரும்பி வருவதும் அதே மாதிரி. 2024 ஏப்ரல் 8 கிரகணத்தை நான் அமெரிக்காவின் இண்டியானாவில் பார்த்தேன், போகும்போது தாராளமாக இருந்த சாலை, முடிந்த அரை மணியில் அசையாமல் நின்றது. எல்லோரும் பல நாட்களாக வந்து சேர்கிறார்கள், ஆனால் ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள். அன்று இரவும் அங்கேயே தங்குங்கள்.

கண்ணாடி

இதில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. விழித்திரைக்கு வலி தெரியாது. சூரியனை நேராகப் பார்த்துக் கண் வெந்துகொண்டிருக்கும்போது ஒன்றும் உறைக்காது, சில மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவில் ஒரு கருப்புப் புள்ளி வந்து உட்காரும், சிலருக்கு அது போகவே போகாது.

கிரகணக் கண்ணாடியில் ஐ.எஸ்.ஓ 12312-2 என்ற குறி இருக்க வேண்டும். குறியை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால், அறிவியல் இயக்கங்கள், கோளரங்கம் போன்ற நம்பகமான இடத்தில் வாங்குங்கள். வாங்கியதும் வீட்டில் போட்டுப் பாருங்கள்: எரிகிற டியூப்லைட் தெரியக்கூடாது, ஜன்னல் தெரியக்கூடாது, எல்லாம் கும்மிருட்டாக இருக்க வேண்டும். வெளியே போய் சூரியனைப் பார்த்தால் மட்டும் சின்னதாக ஒரு வட்டம். 2019-இல் வாங்கிய கண்ணாடி பீரோவில் கிடந்தால், கீறலோ ஊசிமுனை ஓட்டையோ மடிப்போ இருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள். வெல்டிங் கண்ணாடி என்றால் 14-ஆம் எண் மட்டும்.

எக்ஸ்ரே பிலிம், புகை படிந்த கண்ணாடி, கூலிங் கிளாஸ், சிடி தட்டு, மஞ்சள் கரைத்த தண்ணீரில் விழும் பிம்பம், சாணித் தண்ணீர் பிம்பம் இதெல்லாம் நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுபவை. எதுவும் வேண்டாம். வெளிச்சம் குறைந்த மாதிரி இருக்கும், ஆனால் தண்ணீரில் விழும் பிம்பமும் கண்ணைக் கெடுக்கும் அளவுக்குப் பிரகாசமானதுதான், எக்ஸ்ரே பிலிமில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் தாராளமாகப் புகுந்து வரும். இன்னொன்று, கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலர் வழியாகப் பார்க்கவே கூடாது. பைனாகுலர் குவிக்கிற வெப்பம் அந்தப் பிலிமைப் பொத்துவிடும். பைனாகுலருக்கு வடிகட்டி போடுவதென்றால் சூரியனைப் பார்க்கும் முன்பக்கத்தில்தான் போட வேண்டும்.

பகுதி கிரகண நேரம்

லக்சரில் காலை பதினொன்றரை மணிவாக்கில் சூரியனின் ஓரத்தில் முதல் கடி விழும், முழு இருட்டு மதியம் ஒரு மணியை ஒட்டி. நடுவில் சுமார் ஒன்றரை மணி நேரம். ஆகஸ்ட் லக்சரில் 40 டிகிரியைத் தாண்டிய வெயில், சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில், 82 டிகிரி உயரத்தில். அந்த ஒன்றரை மணி நேரத்தையும் வெயிலில் நின்று தீர்க்காதீர்கள். நிழலில் உட்காருங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து கண்ணாடி போட்டு ஒரு பார்வை, அது போதும். தண்ணீர் நிறைய, ஓ.ஆர்.எஸ் பாக்கெட், குடை, தொப்பி. ஒரு கோரைப்பாயும் எடுத்துக்கொள்ளுங்கள், உச்சியில் இருப்பதை ஆறு நிமிடம் நின்றபடி அண்ணாந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், படுத்துப் பார்ப்பதுதான் சுகம்.

வீட்டிலிருந்து ஒரு ஜல்லிக்கரண்டி கொண்டுபோங்கள். தோள் உயரத்தில் பிடித்து நிழலைத் தரையில் விழவிட்டால், ஒவ்வொரு ஓட்டையும் ஒரு சூரியனை வரையும், கடிபட்ட சூரியன்கள் வரிசை வரிசையாக. மரத்தடி கிடைத்தால் அதுவும் வேண்டாம், இலைகளுக்கு இடையே விழுகிற வெளிச்சப் பொட்டுகள் எல்லாமே பிறையாகிவிடும். எப்போதும் மரத்தடியில் வட்டமாய்க் கிடப்பவையும் சூரியனின் பிம்பங்கள்தான், கிரகணத்தன்றுதான் நமக்கு அது உறைக்கிறது. குழந்தைகள் கூட வந்தால் அவர்களை இதில் விட்டுவிடுங்கள், கண்ணுக்கும் ஆபத்தில்லை, அலுக்கவும் அலுக்காது.

கடைசிப் பத்து நிமிடம்

இங்கிருந்து உள்ளே போகாதீர்கள். முக்கால்வாசி மறைந்த பிறகுதான் வெளிச்சம் மாறுவது தெரியும், கடைசிப் பத்து நிமிடத்தில் அது வேகம் பிடிக்கும். சாயங்கால வெளிச்சத்தில் ஒரு மஞ்சள் இருக்கும், இதில் அது இருக்காது. உச்சி வெயில் அப்படியே நிறம் செத்து, ஈயம் பூசின மாதிரி ஆகும். சூரியன் மெல்லிய கீற்றாகிவிட்டதால் நிழல்களின் ஓரம் ஒரு திசையில் கத்தி போலக் கூர்மையாகும். கையை நீட்டி நிழலைப் பாருங்கள், முன்கையில் இருக்கிற ரோமம் ஒவ்வொன்றும் தரையில் தனித்தனியாகத் தெரியும். காற்று சட்டென்று குளிரும், பாலைவனத்தில் இது இன்னும் நன்றாகவே உறைக்கும்.

ஒரு வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்து வையுங்கள். முழு இருட்டுக்கு ஓரிரு நிமிடம் இருக்கும்போது, வேட்டியின் மேல் மெல்லிய நிழல் வரிகள் நெளிந்து ஓடுவது தெரியலாம். நட்சத்திரங்களை மினுக்க வைக்கும் அதே காற்றுமண்டலக் கலக்கம்தான் சூரியனின் மெல்லிய கீற்று வெளிச்சத்தையும் இப்படிக் கலைக்கிறது. எல்லாக் கிரகணத்திலும் தெரியும் என்று சொல்ல முடியாது, தெரிந்தால் அதிர்ஷ்டம்.

அப்புறம் வடமேற்கே திரும்புங்கள். நிழல் அங்கிருந்துதான் வரும். லக்சரில் நைலின் கிழக்குக் கரையில் நின்றால், எதிரே மேற்குக் கரையில் அரசர்களின் பள்ளத்தாக்கு இருக்கும் மலைகள், அந்தத் திசை வானம் புயல் வருவதுபோல் கறுத்துக்கொண்டே நம்மை நோக்கி வருவதைப் பார்க்கலாம். தூசி இல்லாத நாளாக இருந்தால் இது ஒன்றே போதும், உடம்பு சிலிர்த்துவிடும்.

கடைசி விநாடிகளில் கண்ணாடியோடு சூரியனைப் பாருங்கள். கீற்று அறுந்து மணிமணியாகும். சந்திரனின் விளிம்பில் இருக்கும் பள்ளங்கள் வழியாகக் கசியும் வெளிச்சம் அது, 1836-இல் அதை விவரித்த பிரான்சிஸ் பெய்லி பெயரால் பெய்லி மணிகள் என்கிறோம். ஒவ்வொன்றாக அணைந்து கடைசி ஒன்று மட்டும் வைரமாக நிற்கும். அதுவும் போனதும் கண்ணாடியில் ஒன்றுமே தெரியாது. அப்போது கழற்றுங்கள்.

அந்த ஆறு நிமிடம்

வெறும் கண்ணால் பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். முழு இருட்டு நேரத்திலும் பயந்துகொண்டு கண்ணாடியைக் கழற்றாமலே இருந்துவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் உண்டு, அவர்கள் பார்த்தது வெறும் இருட்டு.

முதல் ஒரு நிமிடம் எதுவும் செய்யாதீர்கள். பேசாதீர்கள், போனைத் தொடாதீர்கள். மேலே ஒரு கரிய வட்டம், வானத்திலேயே அவ்வளவு கருப்பு வேறெங்கும் இருக்காது, அதைச் சுற்றிப் பட்டுநூல் இழைகளாய் வெள்ளை ஒளி. படங்களில் கரோனா ஒரு மங்கலான வளையமாகத்தான் தெரியும், கண் பிடிக்கிற நுணுக்கத்தை எந்தப் படமும் பிடித்து நான் பார்த்ததில்லை. சூரியனின் பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ், அதற்கு மேலே இருக்கும் இந்த மெல்லிய கரோனாவோ பத்து லட்சம் டிகிரிக்கும் மேல். அடுப்பைவிட்டு விலக விலகச் சூடு குறைய வேண்டும், இங்கே கூடுகிறது. ஏன் என்பதற்கு முழுமையான விடை இன்னும் கிடைக்கவில்லை, இஸ்ரோவின் ஆதித்யா-எல்1 விண்கலம் ஆராய்கிற கேள்விகளில் இதுவும் ஒன்று.

அப்புறம் பைனாகுலரை எடுங்கள், வடிகட்டி இல்லாமல். சந்திரனின் விளிம்பில் இளஞ்சிவப்புக் கொழுந்துகள் தெரியும், சூரியனிலிருந்து எழும்பி நிற்கும் வாயு அது. இண்டியானாவில் சூரியனின் அடிப்பக்கத்தில் ஒன்று வெறும் கண்ணுக்கே தெரிந்தது, மாதுளை முத்து நிறம், என் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பாட்டியம்மா அதைக் கையால் சுட்டிக்காட்டி என் தோளை உலுக்கிக்கொண்டே இருந்தார். இந்தக் கொழுந்துகளின் ஒளியைத்தான் 1868 ஆகஸ்ட் 18 அன்று பிரெஞ்சுக்காரர் ஜான்சென் குண்டூரிலிருந்தும், சென்னை வானாய்வகத்தின் பாக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்தும் நிறப்பிரிகை செய்து பார்த்தார்கள். அதில் இருந்த ஒரு மஞ்சள் கோடுதான் பின்னால் ஹீலியம் என்று பெயர் பெற்றது, பூமியில் அதைப் பிரித்தெடுத்தது 1895-இல். நம் தெற்கத்தி மண்ணில் நின்று பார்த்த ஒரு முழு கிரகணம் ஒரு தனிமத்தையே காட்டிக்கொடுத்திருக்கிறது. அடுத்த மூன்றே ஆண்டில், 1871 டிசம்பர் 12 அன்று, நிழல் ஊட்டி, அவிநாசி, யாழ்ப்பாணம் வழியாகவும் போனது.

மூன்றாவது நிமிடம் போல எழுந்து உட்கார்ந்து ஒரு முழுச் சுற்றுத் திரும்புங்கள். அடிவானம் நாலா பக்கமும் ஆரஞ்சாக இருக்கும், எட்டுத் திசையிலும் ஒரே நேரத்தில் அந்தி. நிழலுக்கு வெளியே இருக்கிற ஊர்களின் பகல் வெளிச்சம் அது. வெள்ளி கிரகம் சூரியனுக்கு மிக அருகிலேயே தெரியும். கூட இருப்பவர்களின் முகத்தையும் ஒருமுறை பாருங்கள். பிறகு மறுபடி படுத்து, மிச்ச நேரம் முழுக்கக் கரோனாவுக்கு.

ஐந்தரை நிமிடத்தில் போன் அலாரம் அடிக்கும்படி முன்பே வைத்துக்கொள்ளுங்கள். அடித்ததும் பைனாகுலர் கீழே இறங்க வேண்டும், இதில் விநாடி கூடத் தாமதம் வேண்டாம். ஒரு ஓரம் செந்நிறமாகிப் பிரகாசமடையும், சட்டென்று வைரம் வெடிக்கும். கண்ணாடியைப் போட்டுவிடுங்கள். சுற்றிலும் எல்லோரும் கத்துவார்கள், கைதட்டுவார்கள், சிலர் அழுவார்கள். உங்களுக்கும் கண் கலங்கினால் கூச்சப்பட வேண்டியதில்லை.

படம் எடுக்கலாமா

முதல்முறை என்றால் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உலகமே எடுக்கும், நல்ல படங்கள் சாயங்காலமே வந்துவிடும். ஃபோகஸ் சரிசெய்துகொண்டு குனிந்த தலையோடு ஆறு நிமிடத்தைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்தால் மனசு ஆறாது. ஒன்று மட்டும் செய்யலாம்: ஒரு போனை டிரைபாடில் வைத்து, உங்கள் பக்கம் திருப்பி, முழு இருட்டுக்கு ஐந்து நிமிடம் முன்பே வீடியோவை ஓடவிட்டு மறந்துவிடுங்கள். மங்குகிற வெளிச்சமும், நீங்கள் என்ன சொல்லிக் கத்தினீர்கள் என்பதும் பதிவாகியிருக்கும், அதை வேறு யாரும் உங்களுக்கு எடுத்துத் தர முடியாது.

வீட்டில் சொல்வதற்கு, போக முடியாதவர்களுக்கு

"கிரகணத்தில் வெளியே போகாதே, சாப்பிடாதே" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். சண்டை போடாதீர்கள், கண்ணாடியைக் கையில் கொடுத்து அவர்களையும் கூப்பிடுங்கள். கிரகண நேரத்தில் சூரியனிலிருந்து புதிதாக எந்தக் கதிரும் வருவதில்லை, சாப்பாட்டுக்கும் ஒன்றும் ஆகாது, கர்ப்பிணிகளும் கண்ணாடி போட்டுப் பார்க்கலாம். நேராகப் பார்த்தால் கண் கெடும் என்பது மட்டும் முழுக்க உண்மை, அது மற்ற நாட்களுக்கும் பொருந்தும். குளிப்பதும் கோயிலுக்குப் போவதும் அவரவர் விருப்பம், அதற்கும் பார்ப்பதற்கும் ஒரு முரணும் இல்லை.

எகிப்து வரை போக முடியாதவர்கள் 2031 மே 21-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். வளைய கிரகணம்தான், ஆனால் கேரளத்தைக் கடந்து தேனி, மதுரை, காரைக்குடி வழியாக யாழ்ப்பாணம் பக்கம் போகிறது. மதிய நேரம், தொடக்கத்திலிருந்து கடைசிவரை கண்ணாடியைக் கழற்றாதீர்கள், வளையம் முழுதாகத் தெரியும்போதும் கழற்றாதீர்கள். முழு கிரகணத்தை இந்தியாவிலேயே பார்க்க வேண்டுமென்றால் 2034 மார்ச் 20, கார்கில் பக்கம். மார்ச் மாதத்து இமயமலையில் பனியும் மேகமும் எப்படி இருக்கும் என்பதை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும், என்னைக் கேட்டால் லக்சருக்கு இப்போதே காசு சேர்க்க ஆரம்பியுங்கள் என்பேன்.